குடவோலைக் கல்லும் அவையில்லா ஆண்டுகளும்

உத்திரமேரூரில் இன்று வைகுந்தப்பெருமாள் கோயில் என வழங்கும் கட்டடம் ஒரு காலத்தில் ஊரவை கூடிய கூடம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரின் ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் கணக்கையும் பற்றிய சொல்லாடல் அங்கேதான் நிகழ்ந்தது. அவையில் அமர்வோரை எவ்வாறு தேர்வது, எவரை விலக்குவது, எத்துணை நாள் அமர்த்துவது என்று வகுத்த ஒழுங்கை அவையோர் ஓலையில் மட்டும் எழுதி அமையவில்லை. தாம் கூடிய கட்டடத்தின் கல்லிலேயே வெட்டுவித்தனர். ஓலையில் நின்றிருப்பின் அஃது என்றோ செல்லரித்துப் போயிருக்கும். கல்லில் நின்றமையால் இன்றும் படிக்கக் கிடக்கின்றது.

கிடக்கின்றதே யன்றிப் படிப்பார் குறைவு. மேடைதோறும் குடவோலை பேசப்படுகின்றது. பள்ளிப் பாடநூலில் ஒரு பத்தியாக ஒப்பிக்கப்படுகின்றது. உலகிற்கு மக்களாட்சியைக் கற்பித்தவன் தமிழன் என்னும் முழக்கத்திற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. மற்றொரு சாரார், அது பார்ப்பனர் அவை, அதில் தமிழனுக்கு என்ன இருக்கிறது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். இரு திறத்தாரும் கல்லை முழுமையாகப் படித்தவரல்லர். கல் சொல்வது முன்னவர் சொல்வதினும் குறைந்தது. பின்னவர் எண்ணுவதினும் மிகப் பெரியது.

காஞ்சிக்குத் தெற்கே உள்ள இவ்வூர், கி.பி. எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்மப் பல்லவமல்லன் காலத்தில் நான்மறை கற்றார்க்கு நிலமளித்து அமைத்த குடியிருப்பு. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது கல்வெட்டுப் பெயர். தமிழ்நாவில் உருண்டு உருண்டு அஃது உத்திரமேரூர் ஆயிற்று. ஆங்கிலேயர் பதிவேட்டிலோ உத்தரமல்லூர் என்று ஏறிற்று. ஊரை வாழ்வித்தது வயிரமேகத் தடாகம் என்னும் பேரேரி. வயிரமேகன் என்பது நந்திவர்மனுக்குப் பின் ஆண்ட தந்திவர்மனின் பட்டப்பெயர். பல்லவர் போயினர், சோழர் வந்தனர், பின்னும் பலர் வந்து போயினர். ஊர்க் கோயில்களின் சுவர்களில் ஏறத்தாழ இருநூறு கல்வெட்டுகள் அக்காலங்களுக்கெல்லாம் சான்றாக நிற்கின்றன. ஒரு சிற்றூர் இத்துணை எழுத்தைத் தன் மேனியில் தாங்கி நிற்பது அரிது. சுந்தரவரதப்பெருமாள் கோயிலின் மூன்றடுக்கைக் கண்டு வியந்து செல்வோரிற் பலர், எழுத்துச் செறிந்த இவ்வெளிய கூடத்தின் பக்கம் திரும்புவதே இல்லை.

இக் கூடத்தின் இரு கல்வெட்டுகளும் 1898-இல் படியெடுக்கப்பட்டன. தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வெங்கையா அவற்றை மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். நீலகண்ட சாத்திரியார் 1932-இல் வந்த தம் சோழராட்சி ஆய்வுகளில் அவற்றை விரிவாக ஆய்ந்தார். 1970-இல் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வெளியீடாகப் பிரான்சுவா குரோவும் நாகசாமியும் எழுதிய நூல், ஊரின் கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் ஒருங்கே எடுத்துக் காட்டிற்று. இவ்வரிசையில் ஒன்றைக் கருதுதல் வேண்டும். பராந்தகன் காலத்து அவையோர் எல்லாரும் படிக்கவென்று தமிழில் வெட்டிய கல், அறிவுலகிற்கு முதலில் ஆங்கிலத்தின் வழியாகவும் பின்னர்ப் பிரெஞ்சு மொழியின் வழியாகவும் சென்றது. தமிழ் மாணவன் அதனைத் திரும்பத் தமிழாக்கிப் படித்தான். இடையில் எத்துணைச் செய்தி உதிர்ந்தது என்பதற்கு இன்றைய மேடைப்பேச்சே சான்று.

இனிக் கல் சொல்வதைக் காண்க.

முதற் கல்வெட்டு முதற் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டு; கி.பி. 919. இரண்டாவது அவனுடைய 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. ஈராண்டு இடைவெளியில் ஒரே செய்தியைப் பற்றி இரு தீர்மானங்கள் எழுந்தமைக்குக் கரணியம் இருத்தல் வேண்டும். முதல் ஒழுங்கில் ஓட்டை இருந்தது, அதன் வழியே எவரோ நுழைந்தனர் என்று கொள்வதே இயல்பு. முதற் கல்லில் அகவை வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. முதற் கல்லில் சுருங்கச் சொன்ன விலக்குகள் இரண்டாவதில் உறவுமுறை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விரிகின்றன. எழுதிய சட்டம் பழுதுபட்டபோது அதனை மூடி மறையாமல், திருத்தியதையும் முதலதன் அருகிலேயே வெட்டி வைத்தனர். இற்றை அரசுகள் ஆணையைத் திருத்தும்போது பழைய ஆணை இருந்த சுவடே தெரியாமற் செய்வதை அறிந்தோர், இந்நேர்மையின் அருமையை உணர்வர்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டம் போன்ற பகுதி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, அவ்வோலைகளை ஒரு கட்டாகக் கட்டி, இன்ன குடும்பு என்று வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாக அவை முழுதும் கூடியிருக்கும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் விலகாமல் அவைநடுவே அமர்ந்திருப்பர். அவருள் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குவர். சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நடுவன் கையில் கொடுப்பான். நடுவனோ அதனை விரலிடுக்கிற் பற்றிக் கொள்ளலாகாது. ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஏற்ற ஓலையை அவன் உரக்கப் படிப்பான். அவன் படித்ததை நம்பிமார் அனைவரும் வாங்கிப் படிப்பர். அதன் பின்னரே அப்பெயர் ஏறும்.

விரித்த உள்ளங்கை என்னும் இந்நுண்மையை நோக்குக. ஓலை மாற்றும் கைத்திறம் ஊரில் இருந்தது என்பதையும், அதனை அவை அறிந்திருந்தது என்பதையும், அறிந்தும் எவர்மேலும் பழி சுமத்தாமல் கையை விரிக்கச் சொல்லி அதன் வாயிலை அடைத்தது என்பதையும் அவ்வொரு விதி காட்டுகின்றது. மாந்தனின் நற்குணத்தை நம்பி எழுதிய சட்டமன்று அது. மாந்தனின் கள்ளத்தை நன்கறிந்து, ஆயினும் அவனைக்கொண்டே ஊரை நடத்த வேண்டியிருத்தலை உணர்ந்து எழுதிய சட்டம்.

முப்பது குடும்பிற்கு முப்பதின்மர் ஆவர். அவருள் முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவரும், கல்வியிலும் அகவையிலும் மூத்தவருமாகப் பன்னிருவர் ஆண்டு வாரியம். அடுத்துப் பன்னிருவர் தோட்ட வாரியம். எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். பொன்னின் மாற்று நோக்கும் பொன் வாரியமும், பஞ்சவார வாரியம் என்பதும் வேறாக இருந்தன. பொறுப்பின் காலம் 360 நாள். அது முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இடையிலேயே குற்றம் காணப்படின் அப்போதே விலக்கப்படுவர். ஒருமுறை வாரியம் செய்தவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் குடத்தில் பெயர் இடலாகாது.

விலக்கப்பட்டோர் பட்டியலிற்றான் கல்லின் உயிர் இருக்கின்றது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் ஏறாது. அவன் பெயர் மட்டுமன்று. அவன் தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மகன், மாமன் மகன், தாயுடன் பிறந்த மாமன், தந்தையின் உடன்பிறந்தான், மனைவியின் உடன்பிறந்தான், மாமனார், உடன்பிறந்தாள் கணவன், உடன்பிறந்தாள் மகன், மருமகன், தந்தை, மகன் என்று உறவின் கிளைதோறும் சென்று கல் கதவை அடைக்கின்றது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் விலக்கு. கள்ள ஆவணம் எழுதியவனும், ஒறுப்பாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவனும் உயிருள்ளளவும் விலக்கு.

தன் பெயரில் நிற்க இயலாதவன் மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் மைத்துனன் பெயரிலும் நின்று ஆள்வது தமிழகத்து உள்ளாட்சி அறிந்தோர்க்குப் புதுச் செய்தியன்று. 921-ஆம் ஆண்டிலேயே உத்திரமேரூரில் அவ்வழி தெரிந்திருந்தது, அடைக்கவும் பட்டது. இன்றைய சட்டத்தில் அவ்வடைப்பு இல்லை.

கணக்கனுக்கு வகுத்த விதி இன்னும் கடியது. நேர்வழியில் பொருளீட்டியவனே கணக்கு எழுதலாம். தன் காலத்துக் கணக்கைப் பெருவாரியத்தாரிடம் ஒப்புவித்து, தூயவன் என்று அவர் சொல்லும் வரை அவன் அப்பணிக்கு மீண்டும் வரவியலாது. அவன் எழுதிய கணக்கை அவனே வந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கனைக்கொண்டு முடித்து வைத்தல் ஆகாது. முன்னவர் செய்தது எனக்குத் தெரியாது என்று பின்னவர் சொல்லித் தப்பும் வழியை அவ்வொரு விதி அறுத்துவிடுகின்றது.

இத்துணையும் கல்லின் பெருமை. மறைக்காமற் சொல்லவேண்டிய மற்றொரு பக்கமும் கல்லிலேயே உண்டு.

குடத்தில் எவர் பெயர் ஏறலாம்? கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவன்; தன் மனையில் தானே வீடு கட்டி வாழ்பவன்; மறைநூல் கற்றுப் பிறர்க்கு ஓதுவிக்க வல்லவன். நிலம் அரைக்கால்வேலியே ஆயினும் ஒரு மறையும் நான்கு உரைகளுள் ஒன்றும் கற்றவன் ஆயின் ஏற்கப்படுவான். நிலத்தின் குறையைக் கல்வி ஈடுசெய்யும் இவ்விதி அழகியதே. ஆனால் அக்கல்வி இன்ன குலத்தார்க்கே உரியதென வரையறுக்கப்பட்ட ஒரு குமுகாயத்தில், கல்வித் தகுதி என்பதும் பிறப்புத் தகுதியாகவே முடிகின்றது. எனவே அவை பார்ப்பன நிலவுடைமையாளரின் அவை. உழுதவன் பெயர் அக்குடத்தில் ஏறவில்லை. பெண் பெயர் ஏறவில்லை. ஏரியின் வண்டலை வெட்டிச் சுமந்தவன் பெயர் ஏறவில்லை. அவ்வேரியை ஆளும் அறுவரைத் தேரும் நாளில் அவன் கூடத்திற்கு வெளியே நின்றான்.

இதில் ஒரு முரண்சுவையும் உண்டு. 919-இல் அரசன் ஆணை ஏந்தி வந்து அவையுடன் அமர்ந்திருந்த அலுவலன் தத்தனூர் மூவேந்தவேளான். வேளாண்குடியினன் என்பதைப் பட்டமே காட்டும். அரசனின் ஆளாக வந்தமையால் அவன் அவைநடுவே அமர்ந்தான். அவ்வூர்க் குடியாக இருந்திருப்பின் அவன் பெயரைக் குடத்தில் இட்டிருக்க மாட்டார்கள்.

ஆதலின் உத்திரமேரூர்க் கல்லை மக்களாட்சியின் பிறப்பிடம் என்பது மிகை. மக்கள் என்னும் சொல்லுக்குள் அங்கு வந்தவர் ஒரு குடியிருப்பின் ஒரு குலத்தார். அக்காலத்து வேளாளர் ஊர்கள் ‘ஊரோம்’ என்றும், நாட்டுப்பிரிவினர் ‘நாட்டோம்’ என்றும், வணிகர் ‘நகரத்தோம்’ என்றும் கையெழுத்திட்ட ஆவணங்கள் பல உள்ளன. அவர்களும் கூடினர், தீர்மானித்தனர், நிலம் விற்றனர், வரி பிரித்தனர். ஆனால் தம் ஒழுங்கை இவ்வளவு விரிவாகக் கல்லில் வெட்டி வைக்கவில்லை. விரிவான கல் ஒன்றே எஞ்சியமையால் அவ்வொன்றே தமிழர் ஆட்சிமுறையின் முழு வடிவம் என்று கொள்ளப்பட்டது. எழுதியவன் நின்றான்; எழுதாதவன் மறைந்தான்.

எனினும் குடமும் ஓலையும் அக்குடியிருப்போடு வந்தவையல்ல. கயிறு கட்டிப் பொறியிட்ட குடத்திலிருந்து, ஆவண மாக்கள் பொறியை ஆய்ந்து நீக்கி ஓலையை எடுக்கும் காட்சி அகநானூற்றின் 77-ஆம் பாட்டிலேயே உவமையாக வருகின்றது. பாடியவர் மருதன் இளநாகனார். அப்பாட்டு பாலைத்திணை; போரில் விழுந்தாரைப் பருந்துகள் அலைக்கும் கொடுங்காட்சிக்கு அது உவமை. ஆட்சிமுறையைப் புகழவோ விளக்கவோ புலவர் அதனைச் சொல்லவில்லை. கேட்போர் அனைவர்க்கும் தெரிந்த நாள்வழக்காக இருந்தமையாற்றான் உவமையாயிற்று. அறியாப் பொருளை உவமையாக்கும் புலவன் இல்லை. பல்லவன் நிலம் அளந்து கொடுப்பதற்குப் பன்னூறு ஆண்டு முன்பே தமிழ்நிலத்தில் குடத்து ஓலை வழங்கிற்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. மறையோர் தம் குடியிருப்பின் அவைக்கு அம்முறையைத் தமிழரிடமிருந்து எடுத்துக்கொண்டனர் என்பதே பொருந்தும். எடுத்துச் செப்பஞ்செய்தனர், கல்லில் காத்தனர் என்னும் நன்றி அவர்க்கு உரியது. அவரே படைத்தனர் என்பது பொருந்தாது.

கல்வெட்டின் சொற்களே இதனைச் சொல்லும். குடம், ஓலை, குடும்பு, ஏரி, தோட்டம், பொன், கணக்கு எனக் கையாற் செய்யும் வினைக்கும் பொருளுக்கும் உரியன தமிழ். சபை, சதுர்வேதிமங்கலம் என மேன்மை காட்டுவன வடமொழி. வாரியங்களுள் ஏரிக்கும் தோட்டத்திற்கும் பொன்னுக்கும் தமிழ்ப்பெயர். எல்லாவற்றினும் உயர்ந்ததாகிய ஆண்டு வாரியத்திற்கு மட்டும் ‘சம்வத்சர’ என்னும் அடை. சேற்றில் இறங்கும் பணிக்குத் தமிழ் போதும், உயர்ந்த இருக்கைக்கு வேற்றுச்சொல் வேண்டும் என்னும் மனப்பாங்கு அன்றே தொடங்கிவிட்டது போலும். மின்வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று இன்று நாவில் வழங்கும் சொல் இக்கல்லில் உள்ள வாரியமே. அச்சொல்லின் வேரைப்பற்றி அறிஞர் முரண்படினும், பத்தாம் நூற்றாண்டுக் கல்லின் சொல் இருபதாம் நூற்றாண்டு அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் ஏறியது மகிழத்தக்கதே.

உத்திரமேரூர் ஒன்றுதான் இத்தகைய கல் என்றும் எண்ணற்க. நெல்லைச் சீமையின் மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 800-ஐ ஒட்டியது, உத்திரமேரூர்க் கல்லினும் ஒரு நூற்றாண்டிற்கு மேல் முந்தியது. அதுவும் மறையோர் அவையே. அங்கு அவையில் எந்தச் செய்தி வந்தாலும் ‘அன்று அன்று’ என்று மறுத்துத் தடை செய்வோர்க்கு ஐந்து காசு தண்டம் என விதித்தனர். மறுத்துப் பேசும் உரிமைக்குத் தண்டமா என்று இக்காலத்தார் வினவலாம். வினவத்தக்கதே. ஆயினும் ஆண்டு முழுதும் அவையை நடக்கவிடாமற் செய்வதையே தொழிலாகக் கொண்டோரை நாடாளுமன்றத்தில் கண்டு சலித்த கண்களுக்கு அவ்வைந்து காசின் அருமை விளங்கும்.

தமிழர் அவைக்கு வழங்கிய பழம்பெயர்கள் மன்றம், பொதியில், அம்பலம், அவை என்பன. மன்றத்து வேம்பும் மன்றத்துப் பலாவும் சங்கப்பாடல்களில் நிழல் விரித்து நிற்கின்றன. மரத்தடியே ஊரின் பொதுக்கட்டடமாக இருந்தது. அங்கு மறை கற்றோர் எவர், கல்லாதார் எவர் என்று கேட்பதற்கில்லை. நிழலில் நிற்பவனெல்லாம் கேட்டான். ஆனால் மரம் பட்டுப்போயிற்று. அதன் அடியில் நிகழ்ந்த முறையும் வழக்கும் அதனோடு போயின. உத்திரமேரூர்க் கூடம் நிலைத்தமைக்கு இரண்டு கரணியங்கள். ஒன்று, கருங்கல். மற்றொன்று, அவை கலைந்த பின் அது திருமால் கோயிலாக நிலைபெற்றது. ஊர்ப்பொதுவாக மட்டும் இருந்திருப்பின், படிக்கட்டிற்கும் பாலத்திற்கும் என்று கல்லைப் பெயர்த்திருப்பர். தெய்வத்தின் பெயர் இருந்தமையால் கைவைக்க அஞ்சினர். இக்காலத்தில் தொல்லியல் துறையின் காப்பில் நிற்கின்றது. பொதுக்கட்டடத்தைப் பொதுமைக்காகக் காக்கும் உணர்வு இல்லாத நாட்டில், அச்சம் காத்தது. காத்தவரை நன்று.

கல் காக்கப்பட்டது, கல் சொன்னதோ?

2016 அக்தோபரில் தமிழகத்து உள்ளாட்சிகளின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தது. காலம் முடியுமுன்னே புதிய தேர்தல் நடந்து முடிந்திருத்தல் வேண்டும் என்பது 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் திருத்தங்களின் கட்டளை. அறிவித்த தேர்தலோ ஒதுக்கீட்டு முறையைப்பற்றி எழுந்த வழக்கில் சென்னை உயர்வழக்குமன்றத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் வட்டம் பகுத்தல், வழக்கு, மேல்வழக்கு, காலநீட்டிப்பு என்று ஆண்டுகள் உருண்டன. ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் தனி அலுவலர் கையில் இருந்தன. 2019 திசம்பரில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊரகப்பகுதிக்குத் தேர்தல் வந்தது. மாவட்டப் பிரிவினையைக் கரணியமாகக் காட்டி ஒன்பது மாவட்டங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று காஞ்சிபுரம். குடவோலைக் கல் நிற்கும் மாவட்டம். அம்மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு 2021 அக்தோபரிற்றான் தேர்தல். உத்திரமேரூரோ பேரூராட்சி, நகர்ப்புற அமைப்புகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்பிரவரி 19-இல்.

ஆக, 2016 அக்தோபர் முதல் 2022 பிப்பிரவரி வரை, ஐந்தாண்டும் நான்கு திங்களும், உத்திரமேரூருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இல்லை. பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் அவை கண்ட ஊர், மக்களாட்சிக் காலத்தில் அவையின்றி இருந்தது.

அவ்விடைவெளியில் நிகழ்ந்ததுதான் வேடிக்கை. 2020 திசம்பர் 10-ஆம் நாள் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினர். அவ்விழாவில் இந்தியத் தலைமை அமைச்சர் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துரைத்து, இந்நாட்டின் மக்களாட்சி மரபுக்கு அதனைச் சான்றாகக் காட்டினார். தமிழகத்துத் தாளிகைகள் அதனைப் பெருமையோடு வெளியிட்டன. அந்நாளில் உத்திரமேரூரில் ஒரு வட்டத்துக்கேனும் உறுப்பினர் இலர். ஊரின் குப்பையையும் குடிநீரையும் பற்றிக் கேட்பதற்கு ஊரார் தேர்ந்த ஒருவரும் இலர். அதனைத் தில்லியில் பேசியவரும் சொல்லவில்லை. சென்னையில் ஆண்டவரும் சொல்லவில்லை. அச்சிட்ட தாளிகைகளும் நினைவூட்டவில்லை.

வழக்கு இருந்தது, சட்டச் சிக்கல் இருந்தது என்பர். இருந்தன, மறுப்பதற்கில்லை. 919-இல் வகுத்த ஒழுங்கிலும் சிக்கல் எழுந்தது. அதனைத் தீர்த்துப் புதிய ஒழுங்கை வெட்டி முடிக்க அவ்வவைக்கு ஈராண்டு போதியதாயிற்று. கணிப்பொறியும் வண்டியும் தொலைபேசியும் அறியாதோர் அவர்.

தனி அலுவலர் நல்லவராக இருக்கலாம், திறமுடையவராகவும் இருக்கலாம். அன்றி, அவர்மேற் குறை சொல்வதும் இங்கு நோக்கமன்று. அவர் கணக்கைத் தமக்கு மேலுள்ள அலுவலரிடம் காட்டுவார். தம்மைத் தேர்ந்த ஊராரிடம் காட்டுவதற்கில்லை, அவரை ஊரார் தேரவில்லை ஆதலின். கணக்கனே நேரில் வந்து அவைமுன் கணக்குக் காட்டட்டும் என்று வெட்டிய கல்லின் அருகே, காட்டுவதற்கு அவையே இன்றி ஐந்தாண்டு கழிந்தது.

இது நடுவணரசின் குறை மட்டுமன்று. ஒரு கட்சியின் குறை மட்டுமும் அன்று. அக்காலத்தே தமிழகத்தில் ஆட்சியும் மாறிற்று. 2024 சனவரி 26-ஆம் நாள் தில்லிக் குடியரசு நாள் அணிவகுப்பில் தமிழக அரசின் அணி ஊர்தி குடவோலை முறையையே காட்சியாகத் தாங்கிச் சென்றது. காட்சி நன்றாகவே இருந்தது. கண்ட தமிழர் மகிழ்ந்தனர். 2019-இல் தேர்தல் கண்ட மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 சனவரி 5-ஆம் நாள் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடத்தப்படவில்லை. அவ்வூராட்சிகள் மீண்டும் தனி அலுவலர் கைக்குச் சென்றன. அணி ஊர்தி சென்ற நாளிலிருந்து எண்ணினால், உத்திரமேரூர்க் கல் ஒரு வாரியத்திற்கு வகுத்த முந்நூற்றறுபது நாள் அப்போது நிரம்பவில்லை.